குழியோடு வார்த்த சேம்பர்

மில்லின் காலைச் சங்கு ஊதி அடங்குவதற்குள் அந்தக் காரின் சேம்பரில் குழி விழுந்துவிடும் என்பது தொட்டிபாளையம் பிரிவில் எல்லோரும் அறிந்த சங்கதி. அறிந்த சங்கதியில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, பால்காரர் வரும் நேரம் போல அதுவும் ஒரு நேரம், அவ்வளவுதான். ஆறு மணிக்குச் சங்கு ஊதும். தெய்வசிகாமணியின் ஒர்க்‌ஷாப்பில் மேடேற்றி நிறுத்தியிருக்கும் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காரின் அடிவயிற்றில், என்ஜினுக்குக் கீழே எண்ணெய் தங்கும் தொட்டியில், சொம்பை விரலால் சுண்டிவிட்டது போல ஒரு சத்தம் கேட்கும். எதிர்ப் பேக்கரியில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் குப்புராஜ் தலையை நிமிர்த்தாமலே "விழுந்துருச்சுங்" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு வர்க்கியை டீயில் முக்குவார்கள்.

அந்தத் தொட்டியைத்தான் மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள். குழி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழும், ஒரே அளவில் விழும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் சரிவு. ஈரக் களிமண்ணில் ஒரு ஆளின் தோளை அழுத்தி எடுத்தால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கும். அப்படி இருக்கிறது என்று ஊரில் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தொட்டிபாளையத்தில் மூடியே தேவைப்படவில்லை, வாய் தானாக மூடிக்கொண்டது.

கார் மில்லுக்காரருடையது. பெரியவர் ஒரு காலத்தில் டில்லியில் ஏலத்தில் எடுத்து வந்தது. அவர் போன பிறகு மகன் கிருபாகரன், ஊருக்குச் சின்னவர், அதைப் பெற்ற பிள்ளையைவிட மேலாக வைத்திருந்தார். சீறினால் நாலு ஊருக்குக் கேட்கும். ஒரு மார்கழி விடியலில் அதே கார் அதே சீறலோடு ரோடு பிரிகிற பிரிவு முக்கில் திரும்பியபோது, ஷிப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த சுப்பான் கீழே விழுந்தார். கார் அவர்மேல் ஏறிப் போய்விட்டது. சக்கரம் படவில்லை, அடிப்பாகம்தான் பட்டது. சங்கு ஊதிக்கொண்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை என்று பேக்கரி பெஞ்சில் அன்று உட்கார்ந்திருந்த ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கண் இருந்ததா என்று போலீஸ் கேட்கவில்லை.

காரைப் பார்த்துச் சொல்ல சிகாமணியைக் கூப்பிட்டார்கள். பத்து மைல் சுற்றில் அந்த என்ஜினைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பலகையில் படுத்து உருண்டு அடியில் போனார். சேம்பரில் குழி இருந்தது. குழியின் ஓரத்தில் நீலச் சட்டையின் நூல் நாலைந்து ஒட்டியிருந்தது. நூலைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு வெளியே வந்தார். சின்னவர் அவர் தோளில் கை போட்டு, "சிகாமணிக்குத் தெரியாதது என்ன இருக்குதுங்க இன்ஸ்பெக்டர், அவரு சொல்றதுதான் எனக்கும்" என்றார். இருபது வருஷமாக அந்த வீட்டு வண்டிகளுக்கு வேலை செய்தவரை அந்தக் குடும்பத்தில் யாரும் தொட்டதில்லை. "குழி பழசுங்க" என்றார் சிகாமணி. "ஆறு மாசத்துக்கு முன்னால தோட்டத்துப் பாதைல கல்லு அடிச்சது." எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். பயந்து சொல்லியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். மனுஷன் பூரித்துப் போய்ச் சொன்னார்.

எந்த வண்டி இடித்தது என்று தெரியவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. சுப்பானின் பெண்சாதி மாராள், மில்லுக்காரர் உலோகம் வார்க்க வைத்திருந்த சொந்தப் பவுண்டரியிலேயே மணல் சலிக்கும் வேலைக்குப் போனாள். வேறெங்கே போவாள், சுற்றிலும் இருப்பதெல்லாம் அவர்களுடையதுதான்.

சிகாமணி சேம்பரைக் கழற்றி, மரச்சுத்தியால் தட்டிக் குழியை எடுத்து, தடவிப் பார்த்தால்கூடத் தெரியாதபடி நேராக்கி மாட்டினார். மறுநாள் சங்கு ஊதியது. சொம்பைச் சுண்டிய சத்தம் கேட்டது. குழி பழைய இடத்தில் இருந்தது. தகடு களைத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை தட்டினார். இன்னொரு தடவை விழுந்தது. சாயங்காலம் தட்டி எடுத்தால் காலையில் விழுந்திருக்கும். வேறு சேம்பர்தான் வழி என்று சின்னவரிடம் சொன்னார், அன்று தொடங்கியது அந்தத் தேடல்.

குழியோடு ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓட்ட முடியாது. சேம்பருக்குள் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது, அது அடித்தகட்டிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். குழி சரியாக அதற்குக் கீழே உள்பக்கம் மேடாக எழும்பி அதன் வாயை அடைத்துவிடும். ஆயில் பிரஷர் முள் படுத்துக்கொள்ளும், என்ஜின் டக்டக்கென்று பல்லைக் கடிக்கும். சின்னவருக்கோ தையில் ஊட்டி மலையேறும் பழங்கார் ஊர்வலத்தில் முதலில் போயாக வேண்டும்.

சென்னையில் பழைய பார்ட்ஸ் கடைகளில் சலித்து ஒன்று வந்தது, லாரிச் சேம்பரை வெட்டி ஒட்டியது. குழி விழுந்தது. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்தது ஒன்று, முகம் பார்த்துச் சீவலாம் போலக் குரோம் பூசி, ரெண்டு லிட்டர் கூடப் பிடிக்கிற ஆழச் சேம்பர்; நம்முடைய வேகத்தடைகளை அமெரிக்காக்காரன் எங்கே கண்டான், தரைக்கும் அதற்கும் நாலு விரல்கூட இடைவெளி இல்லை. அதை எப்படி மாட்டுவது என்று சிகாமணி தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதே அதிலும் விழுந்துவிட்டது. முன்னால் ஆழமானது, பின்னால் ஆழமானது, உள்ளே தடுப்பு வைத்தது, கொதிகலன் செய்பவர்களிடம் அரை இஞ்சுத் தகட்டில் பற்றவைத்தது, நாலு பேர் தூக்கி மாட்டியது. அலுமினியத்தில் தடிமனாக வார்த்த மூன்று. அலுமினிய வார்ப்பு நசுங்காது, அடித்தால் உடையும். பிசைந்த மாவில் கட்டைவிரல் வைத்தது போல அதுவும் குழிந்து கொடுத்தது, ஒரு கீறல் இல்லை.

ஊர் இதையெல்லாம் நன்றாகவே செரித்துக்கொண்டது. பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு வாத்தியார் வந்து உலோகத்துக்கு ஞாபகசக்தி உண்டு என்று சொல்லிவிட்டு, காரை ஒட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பூசாரி பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டினார். எந்த உலோகம் தாங்கும் என்று பேக்கரியில் முட்டை பப்ஸ் பந்தயம் நடந்தது. சங்கினால்தான் வினை என்று மில் சங்கைக் கால்மணி தள்ளி ஊதினார்கள், குழி கால்மணி தள்ளி விழுந்தது. ஒரு நாள் சங்கையே நிறுத்திவிட்டார்கள், அன்று பகல் முழுக்க ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தபோது விழுந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். "குழி விழறதுக்குள்ள வந்தர்றனுங்" என்று பெண்கள் வீட்டில் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனார்கள். அளவு சொன்னார்கள், ஆழம் சொன்னார்கள், தேதி சொன்னார்கள், சுப்பான் என்ற நாலெழுத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருத்தரால் முடியாது. ஊரே கூடி ஆளுக்கொரு பிடி சோறு போட்டால் முடியும்.

மூன்றாவது சேம்பர் கழன்றபோது மாராள் வந்தாள். ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே, தகரக் கதவின் நிழலில் நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை.

"ஏனுங்ணா, அதை ஒருக்கா தொட்டுப் பாத்துக்கறனுங்."

சிகாமணி அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் மண்ணில் வைத்தார். அவள் குந்தி உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குழிக்குள் விரல்களை விட்டு மெதுவாகத் தடவினாள். ஆழமான பக்கத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு சின்னக் குழி தனியாக இருந்தது. விரல் அங்கேயே நின்றது.

"இடது தோளுங். சின்னதுல பனைமரத்துல இருந்து உழுந்து, எலும்பு முறிஞ்சு கோணலாச் சேந்ததுங். இந்த எடத்துல ஒரு முண்டு இருக்கும். கண்ணாலமான புதுசுல இது என்னங்னு நான் கேட்டங்."

சிகாமணி கையிலிருந்த கிரீஸைக் கந்தலில் துடைத்தார்.

"வக்கீலம்மாகிட்டப் போனனுங். மேல கோர்ட்டுல போடலாம்னு சொன்னாங்க. ஆசுபத்திரிச் சீட்டுல இந்த முண்டு எழுதியிருக்குதாமுங். இதுல ஒண்ணும், நீங்க வந்து ஒரு வார்த்தையும், அது போதும்னாங்க. குழி புதுசுன்னு ஒரு வார்த்தைங்ணா."

அவர் மனதில் அந்த வார்த்தை எப்போதோ தயாராக இருந்தது. சொன்னால் ஒர்க்‌ஷாப் போய்விடும், இடம் மில்லுக்காரருடையது. அதைவிட, தோளில் விழுந்த கை இனிமேல் விழாது. "சின்னவர் எண்ணி வச்சிருக்காரு மாராளு, ஒண்ணு குறைஞ்சா கேப்பாரு" என்றார். "எங்க போகுது? அடுத்தது விழட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

அடுத்தது விழுந்தது, அதற்கு அடுத்ததும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வந்தாள், தொட்டாள், முண்டைத் தேடிக் கண்டுபிடித்தாள், கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் அடுத்தது என்றார். செத்தவர் ஓயாமல் வந்து சொல்லிக்கொண்டிருந்ததால் உயிரோடு இருக்கிறவருக்கு அவசரம் தோன்றவில்லை. குழி உள்ளவரை தனக்கும் நேரம் இருக்கிறது என்று சிகாமணி நம்பினார், அது அவருக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

பதினோராவது சேம்பரின்போதுதான் அது நடந்தது. உச்சி வெயிலில் பலகையில் படுத்துக் குழியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, பத்திலும் பதினொன்றிலும் குழி நூல் பிசகாமல் ஒரே இடத்தில் இருப்பது உறைத்தது. காலிப்பரை எடுத்து அளந்தார். எழுதினார். வேர்வை கண்ணில் இறங்க இறங்க எழுதினார். குழி வராத சேம்பரை ஒரு வருஷமாகத் தேடுகிறோமே, குழி வந்தால் வரட்டும் என்று விட்டு, சல்லடையை ரெண்டு இஞ்சு இந்தப் பக்கம் தள்ளிவைத்தால்? அதோடு, மலை வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடி ஒதுங்குவதை அந்த மேடே அணையாக நின்று தடுக்குமே? மெக்கானிக்கின் புத்தி அது. கணக்கு நேரானால் வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு அப்போது வந்தது சந்தோஷம், சுத்தமான சந்தோஷம். கையைக்கூடக் கழுவாமல் சின்னவர் பங்களாவுக்கு ஓடினார்.

"குழியோடயே வார்த்துரலாமுங்க" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஏற்கெனவே இருக்கற எடத்துல புதுசா எப்படிங்க விழும்?"

சின்னவர் சிரித்தார், விலா நோகச் சிரித்தார். "சிகாமணி, நீ மட்டும் படிச்சிருந்தீன்னா!" என்று அந்தக் கையை மறுபடி தோளில் போட்டார். படம் வரைந்தார்கள். குழியின் நீளம், அகலம், ஆழம், மில்லிமீட்டரில். கீழே வடிவமைத்தவர் என்ற இடத்தில் தெய்வசிகாமணி கையெழுத்துப் போட்டார். அந்தக் காருக்காக அவர் போட்ட ரெண்டாவது கையெழுத்து அது.

மரத்தில் அச்சு செய்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சுண்டைக்காய்க் குழி வராதுங், மணலைப் பேத்துட்டு வரும்" என்றார். அச்சை மணலிலிருந்து உருவ வேண்டும் அல்லவா, கோணல்மாணல் இருந்தால் மணல் உடைந்துவிடும். "அது வேலைக்கு வேண்டியதில்லைங்களே?" என்று கேட்டார். வேலைக்கு வேண்டியதில்லைதான். "வழிச்சுருங்க" என்றார் சிகாமணி.

வார்க்கிற நாளில் பழைய சேம்பர்களை ஆட்டோவில் ஏற்றிப் பவுண்டரிக்கு அனுப்பச் சொன்னார் சின்னவர். இரும்பெல்லாம் உடைசல் லாரிக்குப் போனது. அலுமினியம் மூன்றையும் உலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி மேஸ்திரி மாராளைத்தான் ஏவினார், அவள்தான் அப்போது கையில் வேலை இல்லாமல் நின்றாள். ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் நகராமல் நின்றாள். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவளைப் போல் நின்றாள்.

"ஏனுங்ணா. இது ஒண்ணை எனக்குக் குடுத்துருங். எல்லாம் உருகிப் போச்சுன்னா அப்புறம் ஏதுங்?"

சிகாமணி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சிகாமணியைப் பார்த்தார். கொடு என்று சொல்ல அவருக்கு அங்கே அதிகாரம் இருந்தது, அன்றைக்கு அவர்தான் அந்தப் பவுண்டரியின் மாப்பிள்ளை.

"அட, இனி வார்க்கறதுல எல்லாமே அந்தக் குழி வருமே மாராளு" என்றார். "அதுல புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து அதை மற்ற ரெண்டின்மேல் வைத்தாள், சத்தம் வராமல் வைத்தாள். மூன்றும் உலைக்குள் போய் வெள்ளைத் தண்ணீராகி அச்சுக்குள் இறங்கின. ஆறிய பிறகு மணலை உடைத்து வார்ப்பை எடுத்தவளும் அவள்தான், அது அவள் வேலை. தென்னந்துடைப்பத்தால் மணலைத் தள்ளிவிட்டுக் குழிக்குள் விரலை விட்டாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வழவழவென்று போனது விரல். எங்கேயும் நிற்கவில்லை.

"இது அவரு இல்லீங்" என்றாள், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அச்சுக்குப் போனாள்.

மறுநாள் சங்கு ஊதியது. ஊதி முடிந்தது. குப்புராஜ் ஒரு வருஷத்தில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் வர்க்கியைக் கையில் பிடித்தபடி ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தார்கள். சிகாமணி சேம்பரில் காதை ஒட்டவைத்துப் படுத்திருந்தார். அடியில் எண்ணெய் அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ, "சரியாப் போச்சு போங்க" என்றார். ஊரே மூச்சு விட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பூசாரி பொங்கல் வைத்தார். யாருடைய தலை, யாருடைய தலைப்பாகை என்று யாரும் கேட்கவில்லை. நாலு நாளில் குழி விழுந்த காலம் என்று ஒன்று இருந்ததே பழங்கதையாகிவிட்டது.

தையில் கார் மலையேறியது. முப்பத்தாறு வளைவிலும் பிரஷர் முள் அசையவில்லை. சின்னவர் வெள்ளிக் கோப்பை வாங்கினார். பெங்களூரிலிருந்தும் பூனாவிலிருந்தும் வந்த பழங்கார்க்காரர்கள் படுத்து அடியில் எட்டிப் பார்த்து, அந்தக் குழி எதற்கு என்று கேட்டார்கள். எண்ணெய் அலையாமல் இருக்க என்று சின்னவர் சொன்னார். ஆர்டர் குவிந்தது. பவுண்டரியில் தனி வரிசை போட்டு, நாளொன்றுக்குப் பத்துக் குழி வார்த்தார்கள். பெட்டிமேல் சிகாமணியின் பேரையே அச்சடித்தார்கள்.

சிகாமணிக்குத்தான் சங்கு பொறுக்க முடியாமல் போயிற்று. முன்பெல்லாம் ஊதி முடிந்தால் ஒரு பதில் இருந்தது. இப்போது சங்கு ஊதி நின்ற பிறகு ஒன்றும் கேட்கவில்லை, அவர் காலையில் பேக்கரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அடுத்தது என்று சொல்ல இனி ஒன்றுமில்லை என்பது அவருக்குப் பட்டபோது மாசி பாதி போய்விட்டது. ஒரு காலையில் அவராகவே மாராளின் வாசலில் போய் நின்றார். "கிளம்பு, வக்கீலம்மாகிட்டப் போலாம்" என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

வக்கீலம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. சிகாமணி எல்லாவற்றையும் சொன்னார். நூலைத் துடைத்ததைச் சொன்னார். குழி புதுசு என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார், இத்தனை நாளாகச் சேர்ந்து கிடந்ததெல்லாம் கொட்டியது, அழுதார். வக்கீலம்மா எழுதிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினார்.

"பழைய சேம்பர் ஏதாவது ஒண்ணு இருக்குங்களா?"

"இல்லீங்கம்மா. உருக்கிட்டோம்."

"குழி விழறதை இப்ப வந்தாப் பார்க்க முடியுங்களா?"

"இப்ப விழறதில்லீங்க. அதுலயே இருக்குதுங்க." பையிலிருந்து புதுச் சேம்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். பெட்டிக்குள்ளிருந்து மடித்த படம் ஒன்றும் கூடவே விழுந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று போடுவார்கள்.

வக்கீலம்மா படத்தை விரித்து, அளவுகளைப் பார்த்து, கீழே கையெழுத்தைப் பார்த்து, அவரைப் பார்த்தார். "இதை அந்தப் பக்கத்து வக்கீல் காட்டுவாருங்க" என்றார் மெதுவாக. "இது அடிபட்ட குழி இல்லீங்களே. எண்ணெய்க்காக நீங்களே போட்ட டிசைன். ஆள் தோள் பட்ட எடம்னு முதல்ல சொல்லாதவரு, எண்ணெய்க்குன்னு கையெழுத்துப் போட்டவரு, இப்ப மாத்திச் சொன்னா எந்தக் கோர்ட்டு நம்பும்?" தாளைப் பழையபடி மடித்து அவரிடமே கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. சிகாமணி சேம்பர்ப் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றார். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் மாராள் பேசினாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"அவரு செத்தும் வந்து வந்து பதினோரு தடவ சொன்னாருங்ணா. உசுரோட இருக்கற நீங்க ஒரு தடவ சொல்லியிருக்கலாம்."

பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறி, பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "பெரியவரே, ஏறுங்க, சாமான் என்னது?" என்று கேட்டார்.

"கார் சேம்பருங்க" என்றார் சிகாமணி.

"நம்மூர்ல பண்றாங்களே, அந்தக் குழி மாடலுங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் பின்வாசலில் ஏறினார்.